எவ்வளவு வெட்டட்டும்

"எவ்வளவு வெட்டட்டும்?" என்று கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் கேட்டாள். இரண்டு பக்கமும் பிடி வைத்த நீளக் கத்தியைச் சீஸின் மேல் பட்டும் படாமலும் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மங்கையர்க்கரசி கத்தியையே பார்த்தாள். கேள்வி புரியாமல் இல்லை. இந்தச் சின்ன லாட்விய ஊரின் மருந்துக்கடையில் பாதி ஆயுசு நின்று, எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், எது பின்னால் என்று ஊர் முழுவதற்கும் அவர்கள் பாஷையிலேயே சொல்லி அனுப்பியவள். அவளுக்கா ஒரு "எவ்வளவு" புரியாது? அரைக் கிலோ என்று சொல்லலாம். முழுசாகக் கொடு என்று சொல்லலாம். சும்மா ஒரு துண்டு, ரொட்டிக்கு மேல் வைத்துத் தின்ன, என்றும் சொல்லலாம். எதைச் சொன்னாலும் நாளைக்கு அவள் வீட்டுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று சொன்னதாகிவிடும். அது தெரிந்தால் அவள் ஏன் இப்படி மரம் மாதிரி நிற்கப்போகிறாள். பின்னால் பீர்ப் பெட்டியைக் காலால் நகர்த்திக்கொண்டே வந்த ஒருவன் தொண்டையைச் செருமினான். "நீங்க வாங்கிக்கோங்க, நான் இன்னும் யோசிக்கல" என்று ஒதுங்கினாள். யோசிக்கல என்பது பொய். மூன்று வாரமாக வேறு எதை யோசித்தாள்.

நாளைக்கு லீகோ. நீளமான பகலை ஒட்டி வருகிற அந்தக் குட்டி இரவில் இந்த நாட்டில் யாரும் தூங்குவதில்லை. ஆண்கள் தலையில் ஓக் இலை வளையம், பெண்கள் தலையில் பூ, கொல்லையில் தீ, விடிய விடிய பீரும் சீஸும். மறுநாள் யானிஸ் என்ற பெயருக்கு உரிய நாள். அதனால் யானிஸ் என்று ஒருவன் இருக்கிற வீட்டுக்குத்தான் எல்லாரும் போவார்கள். அழைப்பு கிடையாது. அழைக்கக் கூடாது என்றில்லை, அழைக்கத் தோன்றாது; மழையை யார் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறார்கள்? வண்டிச் சத்தம் கேட்கும், நாய் குரைக்கும், வந்துவிடுவார்கள். கல்யாணமான வருஷத்திலிருந்து வந்தார்கள். அவள் புருஷன் பெயர் யானிஸ். போன நவம்பரில், ஓய்வு பெற்ற பிறகும் விடாமல் போய்வந்த பள்ளிக்கூடத்து மரவேலை அறையில், ஒரு நாற்காலிக் காலைச் சரி செய்து, அது ஆடுகிறதா என்று தானே உட்கார்ந்து பார்த்தவன், எழுந்திருக்கவில்லை. நாற்காலி ஆடவில்லையாம். தலைமை ஆசிரியை அதைச் சொல்லித்தான் அழுதாள். யானிஸ் போய்விட்டான், யானிஸின் வீடு இருக்கிறது, நாளைக்கு அந்த வீட்டு வாசலில் வண்டி நிற்குமா நிற்காதா. கேள்வி இவ்வளவுதான். இதை யாரிடம் போய்க் கேட்பது. "வருவீர்களா" என்று கேட்டாலே அது அழைப்பாகிவிடும். அழைத்து வந்தால் அது இரக்கத்துக்கு வந்தது. இரக்கத்துக்கு வருகிறவர்களுக்குச் சீஸ் வெட்டுவதைவிட வாசல் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே ஜூன் மாதத்தில் விளக்கை அணைத்தாலும் இருட்டாகாது.

கால் தானாகப் பாக்கெட் சீஸ் அலமாரிக்குக் கொண்டுபோய் விட்டது. அந்தக் குளிர்ந்த காற்று முகத்தில் பட்டதும் கொஞ்சம் ஆசுவாசமாக இருந்தது. இவையெல்லாம் பண்டிகைக்கு ஆகாத, தினசரிச் சீஸ்கள். ஹாலந்துச் சீஸ் என்று பெயர், செய்வது இங்கேதான். ரஷ்யச் சீஸ் என்று பெயர், அதுவும் இங்கேதான். புகை போட்டது, பழுப்புத் தோலோடு, கசாப்புக் கடைச் சமாச்சாரம் மாதிரி உருண்டையாக. நூல் நூலாகப் பிரிந்து வருகிற உப்புச் சீஸ், பீரோடு மெல்ல. நம் ஊரில் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் கிடைக்குமே, அதற்கு அண்ணன் மாதிரி ஒரு வெள்ளைத் தயிர்க்கட்டி. தமிழில் பாலாடைக்கட்டி என்று எழுதுகிறார்கள். பாலாடைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவள் நினைத்ததுண்டு. மஞ்சள் சீட்டில் பெரிய எழுத்தில் ஒரு விலை, அது கடையின் அட்டை வைத்திருப்பவர்களுக்கு. அட்டை இல்லாதவர்களுக்கு வேறு விலை. எறும்பு எழுத்தில் கிலோவுக்கு என்ன என்று ஒரு விலை, உண்மையான விலை, அதைப் படிக்க மூக்குக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். யானிஸ் கழற்றிப் படிப்பான். படித்துவிட்டு, "பாக்கெட்டு இளைச்சிருக்கு, விலை பெருத்திருக்கு, நம்ம ரெண்டு பேர் மாதிரி" என்பான். இளைத்தது அவன், பெருத்தது இவள். காலையில் கறுப்பு ரொட்டி, அதில் வெண்ணெய், அதன்மேல் ஹாலந்துச் சீஸ், சீவுகிற கரண்டியால் காகிதம் மாதிரி சீவி. கரண்டி உராய்கிற சத்தத்தில்தான் அவளுக்கு விழிப்பு வரும். இப்போது மிகச் சின்னப் பாக்கெட்டாகப் பார்த்துத்தான் எடுக்கிறாள். அதிலும் பாதிக்கு மேல் பூஞ்சணம் பிடித்துவிடுகிறது. ஒரு ஆளுக்கு என்று இவர்கள் சீஸ் செய்வதில்லை. விலை ஏறிவிட்டது ஏறிவிட்டது என்று எல்லாரும் புலம்புகிறார்கள், அவளுக்கு மட்டும் ஏறவில்லை, வீணாகிற பாதியைச் சேர்த்தால் இரட்டிப்பாகியிருக்கிறது. இந்தக் கணக்கை யாரிடமும் சொல்ல முடியாது.

முதன்முதலில் வாயில் வைத்தபோது சோப்பு என்றுதான் நினைத்தாள். நெய்வேலிப் பெண். அப்பா சுரங்கத்தில் தொழிற்சங்கக்காரர். சோவியத்துக்காரர்களோடு பழகிய பழக்கத்தில், மகளை உபகாரச் சம்பளத்தில் ரீகாவுக்கு மருந்தியல் படிக்க அனுப்பிவிட்டு, ரயிலடியில் முஷ்டி உயர்த்தினாரே தவிர அழவில்லை. அம்மாதான் எலுமிச்சை ஊறுகாயை மூன்று துணியில் சுற்றிக் கொடுத்து மூன்று துணியும் நனைய அழுதாள். விடுதிக்குப் போன வாரத்தில் கடைமுன் ஒரு வரிசை. என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்காமலே போய் நின்றுகொள்ள வேண்டும், அப்போது அதுதான் வழக்கம். நின்றாள். சீஸ். கிலோ மூன்று ரூபிளோ என்னவோ, இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அவளுக்கு முன்னால் நின்ற நெட்டைப் பையன் திரும்பி, தன் பங்கில் ஒரு ஓரத்தை ஒடித்து நீட்டினான். சோப்பு. துப்பவும் முடியவில்லை, அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். விழுங்கினாள். "இன்னொண்ணு?" என்றான். அடப் பாவி. அந்த இன்னொன்றையும் விழுங்கியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ரூபிள் போய் லாத் வந்தது, லாத் போய் யூரோ வந்தது, ஒரு நாடு போய் இன்னொரு நாடு வந்தது, அவன் நீட்டிக்கொண்டே இருந்தான், அவள் தின்றுகொண்டே இருந்தாள். இப்போது நீட்டுகிறவன் இல்லை. அலமாரிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறோம் என்று உறைத்தது. மூடினாள். கண்ணாடியில் ஒரு கறுத்த முகம், நரைத்த பின்னல், மழைக்கோட்டு. யாரோ வெளியூர்க்காரி என்று ஒரு கணம் நினைத்துவிட்டாள்.

பண்டிகைச் சீஸை வீட்டில்தான் செய்வார்கள். கடையில் வாங்குவது சோம்பேறிகளும் பட்டணத்துக்காரர்களும். அவள் ஏன் வாங்க வந்து நிற்கிறாள் என்றால் அதற்கும் ஒரு கதை. கல்யாணமான முதல் லீகோவுக்கு மாமியார் அடுப்பில் ஒரு அண்டா பாலை ஏற்றிவிட்டு, "பார்த்துக்கோ, விளிம்புல நுரை கட்டினதும் கூப்பிடு" என்று தோட்டத்துக்குப் போனாள். விளிம்பில் நுரை கட்டியது. கூப்பிட வேண்டும் என்று தெரியும். ஆனால் கல்யாணமாகி வந்த வீட்டில், முதல் பண்டிகையில், முதல் முதலாகக் கையில் கொடுக்கப்பட்ட பால், பொங்கி வழியாமல் இறக்கினால் என்னவோ குறைந்துபோகும் போல் உள்ளுக்குள் ஒன்று பிடித்துக்கொண்டது. படிப்பாவது, அப்பாவின் பகுத்தறிவாவது. நின்றாள். பால் எழும்பியது, தளும்பியது, நாலு பக்கமும் வழிந்தது. வழிகிற திசையை வேறு பார்த்தாள், முதலில் வழிந்தது கிழக்கே, நல்லது. தீய்ந்த வாசனைக்கு ஓடி வந்த மாமியார், வாயில் கை வைத்துக்கொண்டு சந்தோஷமாக நிற்கிற மருமகளைப் பார்த்து அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அந்த வருஷத்துச் சீஸ் செங்கல். யானிஸ் ரம்பத்தால் அறுப்பது மாதிரி நடித்துக் காட்டினான். அதற்குப் பிறகு சீஸ் அண்டாவின் பக்கம் அவளை யாரும் விடவில்லை. மாமியார் செய்தாள், அவள் போன பிறகு யானிஸே செய்தான், ஆம்பளை செய்கிற சீஸ் என்று ஊர் சிரிக்கச் சிரிக்க. ஓமத்துக்கும் சீரகத்துக்கும் நடுவில் ஒரு வாசனை உள்ள அந்த விதையைக் கை நிறைய அள்ளிப் போட்டு, துணியில் கட்டி, மேலே ஒரு பாறாங்கல்லை வைத்துவிட்டு, விடிந்ததும் துணியைப் பிரிப்பான். முடிச்சு இருந்த இடம் நடுவில் தொப்புள் மாதிரி குழிந்திருக்கும். "பிறந்துட்டான்" என்பான்.

கைப்பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. மகள். அயர்லாந்தில் இருக்கிறாள். இந்திரா என்று பெயர். இந்த நாட்டிலும் பெண்களுக்கு அந்தப் பெயர் உண்டு, அதனால் பெயர் வைப்பதில் மட்டும் அவர்களுக்குச் சண்டையே வரவில்லை.

"எங்கம்மா இருக்கே? ஒரே இரைச்சலா இருக்கு."

"கடையில. சீஸ் வாங்க வந்தேன்."

"எவ்வளவு வாங்கினே?"

இவளுமா. "இன்னும் வாங்கல."

"அம்மா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே? யாராவது வர்றேன்னு சொன்னாங்களா?"

"சொல்லிட்டு வர்றதுக்கு அது என்ன கிரகப்பிரவேசமா?"

"அத்தை பேசினாங்களா?"

"பேசினா. தக்காளி நாத்தைப் பத்தி."

"மா, அந்த வீட்டுத் தரகர் மறுபடியும் எழுதியிருக்கார். நீ ஊம்னு சொன்னா போதும், மிச்சம் நான் பாத்துக்கறேன். இங்க உனக்குன்னு ரூம் இருக்கு. அங்க தனியா உக்காந்துகிட்டு..."

"லீகோ முடியட்டும்னு சொன்னேன்ல."

"லீகோ முடிஞ்சா என்ன தெரியப்போவுது?"

"தெரியும்" என்றாள். "பின்னால ஆள் நிக்குது, வைக்கிறேன்." பின்னால் யாரும் இல்லை. தயிர்க்கட்டி டப்பாக்கள்தான் வரிசையாக நின்றன.

தெரியும் என்றால் இதுதான். வந்தால் இருப்பாள். வராவிட்டால் விற்றுவிடுவாள். மனசுக்குள் இப்படி ஒரு பந்தயம் கட்டிக்கொண்டு மூன்று வாரமாகிறது, மகளிடம்கூடச் சொல்லவில்லை. வராவிட்டால், இத்தனை வருஷமும் அவர்கள் வந்தது யானிஸுக்கு, அவன் பக்கத்தில் தட்டு ஏந்தி நின்றவள் ஒரு தட்டுத்தான் என்று ஆகும். ஆகட்டும். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகலாம். நிறைய வாங்கி யாரும் வரவில்லை என்றால்? அந்தச் சீஸ் குளிர்பெட்டியில் நாள் கணக்கில் உட்கார்ந்திருக்கும், கதவைத் திறக்கும்போதெல்லாம் சாட்சி சொல்லும். கொஞ்சமாக வாங்கி எல்லாரும் வந்துவிட்டால்? அது அதைவிட மோசம். கையேந்துகிற நிலைக்குப் போய்விட்டாள் பாவம் என்பார்கள். ஆனால் ஏன் ஒருவரும் வாய் திறக்கவில்லை? போன வருஷம் இந்நேரம் எத்தனை தொலைபேசி. தார்ப்பாய் இருக்கிறதா, மழை வரும் போலிருக்கிறது, என் கொழுந்தன் அக்கார்டியன் கொண்டு வருகிறான் என்று. இந்த வருஷம் நாற்று, நாற்று, நாற்று. எதையோ தொடாமல் சுற்றிப் போகிறார்கள். பள்ளத்தைச் சுற்றிப் போகிற மாதிரி. யார் தோண்டிய பள்ளம்? அவள் நினைப்பு அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் முந்தானை முள்ளில் மாட்டிய மாதிரி ஒன்று இழுக்கிறது, அவளும் திரும்பிப் பார்க்காமல் இழுத்துக்கொண்டு நடக்கிறாள். என்னமோ சொன்னோம். அன்றைக்கு என்னமோ சொன்னோம். அடக்கம் முடிந்து, கல்லறையிலிருந்து வந்து, நீள மேஜையில் சூப் வைத்திருந்தார்கள். எதிரே யானிஸின் அக்கா வெல்டா, கறுப்புத் தொப்பியைக் கழற்றாமல். மெழுகுவர்த்தி. பனி சன்னலில் ஒட்டிக்கொண்டிருந்தது. வெல்டா கேட்டாள், உங்க நாட்டுல இதுக்கெல்லாம் என்ன செய்வீங்க என்று. கேட்க வேறு ஒன்றும் இல்லாததால் கேட்டாள். இவளும், பரீட்சையில் கேள்வி வந்தால் தெரிந்ததை எழுதுகிற மாதிரி, சொன்னாள். பத்தாம் நாள், பதினாறாம் நாள், எள், தண்ணீர். பிறகு... பிறகு என்ன சொன்னாள்?

"சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷம் பண்டிகை கிடையாது."

சொன்னாள். நல்ல லாட்விய மொழியில், இலக்கணப் பிழை இல்லாமல், மேஜை முழுவதும் கேட்கச் சொன்னாள். எல்லாரும் கரண்டியைக் கீழே வைத்தார்கள். அந்த நேரத்துக்கு அது உண்மையாகவும் இருந்தது. அந்த நேரத்தில் இனி உலகத்திலேயே பண்டிகை இருக்கப் போவதில்லை. அதைச் சொல்லத்தான் அந்த வாக்கியத்தை எடுத்தாள், வேறு வாக்கியம் அகப்படவில்லை. இந்த ஜனங்களுக்குச் சொன்னது சொன்னதுதான். ஒரு வார்த்தையைக் கொடுத்தால் கல்லைப் போல் பையில் வைத்துக்கொள்வார்கள், திருப்பிக் கொடு என்று கேட்கிறவரை வைத்திருப்பார்கள். ஏன் என்று கேட்க மாட்டார்கள். இன்னும் உண்டா என்றும் கேட்க மாட்டார்கள். அவளுக்கு அலமாரியின் குளிரிலும் காது சுட்டது. அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? அப்பா செத்த பிறகு, அதே அப்பாவின் சங்கத்துக்காரர்கள் நிறைந்திருந்த வீட்டில், தம்பி கல்யாணத்தில், அம்மா சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். யாரும் நிற்கச் சொல்லவில்லை; தானே போய் நின்றாள். தாலி முடிகிறபோது கதவிடுக்கில் ஒரு கண் தெரிந்தது. அந்த ஒரு கண்ணுக்காக மங்கையர்க்கரசி பந்தலில் எல்லாரோடும் சண்டை போட்டாள், சாப்பிடாமல் ரயில் ஏறினாள். அந்தக் கதவையா அவள் இத்தனை கடல் தாண்டிக் கொண்டுவந்து, இந்தச் சூப் மேஜையில் மாட்டினாள்?

"மங்கா."

வெல்டாவின் குரலுக்கு முன்னறிவிப்பு கிடையாது. எழுபது வயசிலும் மாட்டை அதட்டுகிற குரல். நாத்தனார் ரப்பர் பூட்சோடு நின்றாள். கையில் கூடை.

"நாத்து பிடிச்சுதா?"

"பிடிச்சுது. ரெண்டு பூ விட்டிருக்கு."

"ரெண்டுதானா? தண்ணி ஊத்தி ஊத்தி வேரைக் கொன்னிருப்பே. அது தக்காளி, உங்க ஊர் நெல்லு இல்ல."

மங்கையர்க்கரசியின் கண் அவளை மீறிக் கூடைக்குள் போனது. சீவிய ரஷ்யச் சீஸ், மஞ்சள் சீட்டு ஒட்டிய சின்னப் பாக்கெட் ஒன்று. பூனைக்குத் தீனி. ஒரு பை கோதுமைக் குருணை. நாளைக்கு லீகோ; எட்டுப் பேரப்பிள்ளைகள் உள்ளவளின் கூடையில் இவ்வளவுதான்.

"இவ்வளவுதானா வாங்கினீங்க?"

"எனக்கு வயிறு ஒண்ணுதானே."

"இல்ல... நாளைக்கு..."

"நாளைக்கு என்ன? ஒண்ணுமில்ல." வெல்டா கூடையைக் கை மாற்றிக்கொண்டாள். "ஒரு வருஷம்னு சொன்னியே. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். யானிஸ் பொண்டாட்டி நாட்டுல ஒரு வருஷம் பண்டிகை ஆகாதாம், நம்மளும் தீ மூட்டக் கூடாது, அவ்வளவுதான்னு. சின்னதுங்க மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுதுங்க. ஒரே அதட்டு. டிவி பாக்கட்டும்."

"வேற... வேற யார் வீட்டுக்காவது போயிருக்கலாமே."

"வேற எங்க போறது?" என்றாள் வெல்டா. முட்டாள்தனமான கேள்வி கேட்ட பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பிறகு கண்ணாடிப் பெட்டிப் பக்கம் தலையைத் திருப்பி, விலைச் சீட்டைத் தூரத்திலிருந்தே படித்து, "பதிமூணு! கிலோ பதிமூணு! தங்கத்துலயா விதை போட்டிருக்கான்? இந்த வருஷம் வாங்க வேண்டாம்னு ஆனதும் ஒரு விதத்துல நல்லதுதான்" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. செத்தவன் அவளுக்கும் தம்பிதானே; இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்த தம்பி.

சொல்லிவிட வேண்டும் என்று மங்கையர்க்கரசிக்கு நாக்கு நுனிவரை வந்தது. நான் ஒப்புக்குச் சொன்னது, வாங்க. அவ்வளவுதான், நாலு வார்த்தை. ஆனால் அந்த நாலு வார்த்தைக்குப் பின்னால் என்ன வரும்? துக்கத்தைப் பாதியில் கைவிட்டவள், தன் ஊர்ச் சட்டத்தைத் தானே மீறுகிறவள், புருஷன் போய் ஏழு மாதத்தில் பீருக்கும் பாட்டுக்கும் ஆள் தேடுகிறவள். இத்தனை பேர் அவளுக்காக வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, வேண்டாம் என்றால் அது அவர்கள் கொடுத்ததை முகத்தில் எறிகிற மாதிரி இல்லையா? அவள் மூளை இதையெல்லாம் அடுக்கி முடிப்பதற்குள் அவள் வாய், "நன்றி. எல்லாருக்கும் நன்றி சொல்லுங்க" என்று சொல்லிவிட்டது. வெல்டா தலையை ஆட்டினாள். பூட்ஸ் தரையில் கிறீச்சிட, பணம் கட்டுகிற இடத்துக்குப் போனாள். முதுகு கொஞ்சம் கூனியிருந்தது. போன வருஷம் கூனியிருந்ததா?

வரப்போவதில்லை என்பது இப்போது தெரிந்துவிட்டது, நினைத்ததற்கு நேர்மாறான காரணத்தால். அவர்கள் அவளை விட்டுப் போகவில்லை, அவளுக்காகப் போகாமல் இருக்கிறார்கள். சந்தோஷப்பட வேண்டும். பந்தயம் ஜெயித்ததா தோற்றதா என்று புரியவில்லை. மகளிடம் என்ன சொல்வாள். யாரும் வரவில்லை, ஆனால் வராததுதான் வந்தது என்றா? நாளை இரவு அந்த வீட்டில் அவள் ஒருத்தி, ஆறு மைல் தள்ளி வெல்டா ஒருத்தி பூனையோடு, அந்தப் பிள்ளைகள் டிவியின் முன்னால், மலைமேலெல்லாம் மற்றவர்கள் மூட்டிய தீ. இவர்கள் கொல்லைகளில் மட்டும் தீ இல்லை. யானிஸின் பெயர்நாளில், யானிஸின் ஆட்கள் மட்டும் கதவிடுக்கில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு நிற்கப்போகிறார்கள். அம்மாவாவது தானே போய் நின்றாள். இவர்களை அவள் நிறுத்திவைத்திருக்கிறாள், ஒரு குடும்பத்தையே, குழந்தை குட்டிகளோடு. நினைத்ததும் அவளுக்கு உடம்பில் ஏதோ கொதித்து ஏறியது. கோபம் மாதிரி இருந்தது. யார்மேல் என்று பார்க்க நேரமில்லை, வெல்டா கூடையைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

கண்ணாடிப் பெட்டிக்கு ஓடினாள். வரிசை கலைந்திருந்தது. பெண் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வெட்ட வேண்டாம். முழுசாக் குடு."

"முழுசாவா? சின்னதா, பெரிசா?"

"இருக்கிறதுலயே பெரிசு."

காகிதத்தில் சுற்றி, சீட்டு ஒட்டி, அது கைக்கு வந்தபோது பச்சைக்குழந்தைக் கனம் கனத்தது. விலையைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் யோசித்திருப்பாள், யோசித்தால் நின்றிருப்பாள். பணம் கட்டுகிற இடத்தில் அட்டை இருக்கிறதா என்று கேட்டார்கள், இல்லை என்றாள். இருந்தது, பையின் அடியில், தேட நேரமில்லை. வெளியே தூறல். லீகோவுக்கு மழை பெய்யாத வருஷம் இந்த நாட்டில் உண்டா. வெல்டா தன் பழைய காரின் கண்ணாடியிலிருந்து ஒட்டிய இலைகளைக் கையால் வழித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வெல்டா."

"என்ன, எதையாவது மறந்துட்டியா?"

மூச்சு வாங்கியது. படித்த வாக்கியம் ஒன்றும் நாக்கில் இல்லை. "அது எங்க ஊர்ச் சட்டம்" என்றாள்.

"ம்."

"யானிஸ் எங்க ஊர்க்காரன் இல்ல."

வெல்டாவின் கை கண்ணாடியிலேயே நின்றது. மழை அவள் தலைத்துணியில் பொடிப்பொடியாக உட்கார்ந்தது. அவள் கோபித்துக்கொண்டாளா, அழப்போகிறாளா என்று அந்த முகத்தில் எப்போதும் தெரியாது. தம்பி முகத்திலும் தெரியாது. கடை வாசலில் யாரோ பாட்டில்களைக் கீழே போட்டு உடைத்தார்கள், யாரோ சிரித்தார்கள், ஒரு நாய் குரைத்தது. கடைசியில் வெல்டா கேட்டாள், மெதுவாக, மாட்டை அதட்டாத குரலில்:

"அப்ப நீ? நீ எந்த ஊர்க்காரி?"

இதற்குப் பதில் தெரிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். நெய்வேலி என்று சொன்னால் அது பாஸ்போர்ட்டில்கூட இப்போது வெறும் பிறந்த இடம். இந்த ஊர் என்று சொல்ல நாக்குக் கூசியது, அதைச் சொல்ல வேண்டியவள் தானா என்று. மங்கையர்க்கரசி மழையில் நின்றுகொண்டு பையை இரண்டு கையாலும் முன்னால் நீட்டினாள்.

"நான் சீஸ் வாங்கிட்டேன்" என்றாள்.

வெல்டா பையை வாங்கினாள். கனம் பார்த்தாள். காகிதத்தை ஓரமாகப் பிரித்து, மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்தாள், விரலால் அழுத்திப் பார்த்தாள், கடைச் சீஸ் என்று உதட்டைப் பிதுக்கினாள். பிறகு பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, காரைப் பூட்டி, காலிக் கூடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். நாலடி போய்த் திரும்பினாள்.

"வா, நிக்காதே. மொத்தப் பேருக்கும் இது எந்த மூலைக்குக் காணும்?"